ஞாயிற்றுக்கிழமைச் சோறு: கொடையா, திறையா?

தமிழ்ப் பள்ளி மாணவர்க்கு ஆண்டுதோறும் கொடுக்கப்பெறும் கட்டுரைத் தலைப்புகளுள் ‘விடுமுறை நாள்’ என்பதும் ஒன்று. மாணவர் எழுதும் கட்டுரை பெரும்பாலும் ஒரே போக்கில் அமையும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா நாளிதழின் ஞாயிறு மலரைப் படித்தார். அண்ணன் பந்து விளையாடச் சென்றான். தங்கை தொலைக்காட்சி பார்த்தாள். அம்மா சுவையாகச் சமைத்தார். எல்லாரும் மகிழ்ச்சியோடு உண்டோம். ஆசிரியர் சிவப்பு மையால் ஒற்றுப் பிழைகளைத் திருத்துகிறார். விட்டுப்போன ‘க்’ஐயும் ‘ச்’ஐயும் சேர்க்கிறார். கருத்துப் பிழை ஏதும் இருப்பதாக அவருக்குத் தோன்றுவதில்லை. ஒருவர் உழைக்க, மற்றவர் அனைவரும் ஓய்ந்திருந்த நாளுக்கு விடுமுறை நாள் என்னும் பெயர் எவ்வாறு பொருந்தும் என்ற வினா அங்கே எழுவதே இல்லை.

சமையல் யார் செய்வது என்பது குடும்பத்தார் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய செய்தி. அதில் அற ஆராய்ச்சிக்கு என்ன இடம் என்று கேட்போர் உண்டு. ஆனால் மனிதன் அறத்தை முதன்முதலில் பயில்வது வீட்டில்தான். வள்ளுவரும் துறவறத்திற்கு முன்னே இல்லறத்தை வைத்தார். விருந்தோம்பலுக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். விருந்தினர் உண்ணும் சோறு எவர் கையால் ஆனது, அக்கைக்கு வீட்டார் பட்ட கடன் யாது என்று எண்ணுவதும் அவ்வதிகாரத்தைப் படிப்பதன் ஒரு பகுதியே ஆகும்.

மலைநாட்டில் கோடை என்று தனியே ஒரு பருவம் இல்லை. ஆனியும் ஆடியும் முதுவேனில் என்று வகுப்பில் மாணவர் மனப்பாடம் செய்கின்றனர்; சன்னலுக்கு வெளியே ஆண்டு முழுவதும் மாறாத பச்சை. ஆயினும் ஆடி மாதத்திற்கு இந்நாட்டிலும் சில அடையாளங்கள் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்றின் காலமாதலால் மழை சற்றுக் குறைந்திருக்கும். சில ஆண்டுகளில் சுமத்திராவில் எரியும் காட்டின் புகை கடல் கடந்து வந்து வானை மூடும். சாலையோரங்களில் டுரியான் பழங்கள் குவியும். திருமணங்களை ஆவணிக்குத் தள்ளிவைக்கும் வழக்கம் இருப்பதால், மற்ற மாதங்களில் மண்டபங்களில் கழியும் ஞாயிற்றுக்கிழமைகள் ஆடியில் வீட்டிற்கே திரும்பி வந்துவிடுகின்றன. வெள்ளிக்கிழமை அம்மன் கோயில் கூழும் சைவ உணவுமாகக் கழிந்திருக்கும். எனவே ஞாயிறு என்றால் இறைச்சி. மணமாகிப் போன மகளும், வெளியூரில் பணியாற்றும் மகனும் வந்து சேர்வது அன்றைக்குத்தான்.

அந்த ஒரு வேளைச் சோற்றின் பின்னே நிற்கும் உழைப்பைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். அது சனிக்கிழமை மாலையே, இரவுச் சந்தையில் கத்தரிக்காயையும் முருங்கைக்காயையும் பொறுக்கும்போதே தொடங்கிவிடுகிறது. மறுநாள் விடியுமுன் காலைச் சந்தைக்குச் சென்றால்தான் நல்ல ஆட்டிறைச்சி கிடைக்கும். எலும்பும் சதையும் கலந்து வெட்டச் சொல்லி, அருகில் நின்று பார்த்து வாங்க வேண்டும். வீடு திரும்பியதும் இறைச்சியைக் கழுவி மஞ்சள் தடவி வைத்தல், சின்ன வெங்காயம் உரித்தல், இஞ்சியும் பூண்டும் அரைத்தல், தேங்காய் துருவிப் பால் பிழிதல் என்று கைகள் ஓயாமல் இயங்குகின்றன. அம்மிக்கல்லும் ஆட்டுக்கல்லும் இருந்த இடத்தில் இன்று மின் அரைவை இயந்திரம் இருப்பது உண்மையே. ஆனால் அம்மியில் அரைத்த காலத்தில் ஒரு குழம்பு, ஒரு கூட்டு, ரசம் என்று முடிந்த சமையல், இயந்திரம் வந்தபின் பிரட்டல், சம்பால், பொரியல், பாயசம் என்று விரிந்துவிட்டது. மிச்சமான நேரத்தை வகைகளின் எண்ணிக்கை விழுங்கிவிட்டது.

இவற்றையெல்லாம் கண்ணால் காணலாம். காணவியலாத வேலை ஒன்றும் உண்டு. மருமகனுக்குக் காரம் ஆகாது. தாத்தாவுக்கு இரத்த அழுத்தம்; உப்பைக் குறைக்க வேண்டும். பேரப் பிள்ளைக்கு மிளகாய் சேராத குழம்பைத் தனியே எடுத்துவைக்க வேண்டும். இறைச்சி உண்ணாத ஒருவர் குடும்பத்தில் இருந்தால், அவருக்கான சாம்பார் இறைச்சிக் கரண்டி படாமல் இருக்க வேண்டும். மல்லித் தூள் எவ்வளவு இருக்கிறது, எரிவாயு உருளை இன்னும் எத்தனை நாளைக்கு வரும் என்பனவும் நினைவில் இருத்தல் வேண்டும். இந்தக் கணக்கேடு எந்தத் தாளிலும் எழுதப்பெறுவதில்லை. ஒருவர் தலைக்குள்ளேயே இருக்கிறது. அவர் கோயிலில் நின்று கும்பிடும்போதும், தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருக்கும்போதும் அதன் பக்கங்கள் புரண்டுகொண்டே இருக்கின்றன. அடுப்பை அணைக்கலாம், அந்த ஏட்டை மூட இயலாது.

கெடா, கிளந்தான், திரெங்கானு ஆகிய மாநிலங்களில் வார விடுமுறை வெள்ளியும் சனியுமாகும். ஆதலால் அங்கே வாழும் தமிழர் வீடுகளில் சைவ நாளும் விடுமுறை நாளும் ஒன்றாய்க் கூடிவிடுகின்றன. குழம்பில் கிடப்பது இறைச்சியோ பருப்போ, அடுப்படியில் நிற்பவர் மாறுவதில்லை.

வார ஓய்வு என்பது தொழிலாளர்க்கு எளிதில் கிடைத்த பேறன்று. மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுக்கு வந்து நின்ற தமிழருள் ஆண்களும் இருந்தனர், பெண்களும் இருந்தனர். இருவரும் மரம் சீவினர்; இருவரும் பால் வாளி சுமந்தனர். 1955-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டம் தொழிலாளி ஒவ்வொருவர்க்கும் வாரத்தில் ஒரு முழுநாள் ஓய்வு என்று வகுத்தது. வாரத்திற்கு 48 மணி என்றிருந்த வேலை நேர வரம்பு 2023 சனவரி முதல் 45 மணியாகக் குறைக்கப்பட்டது. சிங்கப்பூரில் அரசுப் பணியாளர்க்கு ஐந்து நாள் வேலை வாரம் 2004-இலும், மலேசியாவில் 2005-இலும் வந்தது. உழைப்பின் அளவு சட்டத்தின் வழியே சிறிது சிறிதாகக் குறைந்துவந்த வரலாறு இது. ஆனால் தோட்டத்துப் பெண்ணின் ஓய்வு நாளைச் சட்டம் வெட்டுக்காட்டின் எல்லை வரையில்தான் காத்தது. லயத்து வீட்டின் வாயிற்படியைத் தாண்டி உள்ளே அடியெடுத்து வைத்தவுடன் அவ்வோய்வு முடிந்துபோயிற்று. மரம் சீவாத நாளில்தான் துணி துவைக்கவும், வீடு மெழுகவும், கோழி அடித்துக் குழம்பு வைக்கவும் அவளுக்கு நேரம் கிடைத்தது. கணவனுக்கு ஓய்வாக வந்த நாள் மனைவிக்கு வேலை மாற்றமாக வந்தது.

இவ்விடத்தில் வழக்கமான மறுப்பு ஒன்று எழும். ‘இது அன்பால் செய்வது, இதைப் போய் வேலை என்று எண்ணி, தராசில் நிறுக்கலாமா? தாய் ஊட்டிய சோற்றுக்குக் கணக்குப் பார்ப்பதா?’ என்பர். நல்ல மறுப்புதான். ஆனால் இதை உரக்கச் சொல்வோருள் பெரும்பாலோர் இலையின் முன் அமர்ந்திருப்போர் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

அன்பையும் உழைப்பையும் ஒன்றற்கொன்று பகையாக நம் இலக்கியம் கருதவில்லை. குறுந்தொகையின் 167-ஆம் பாடலைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். கூடலூர் கிழார் பாடிய முல்லைத்திணைப் பாட்டு அது. மணமனைக்குச் சென்று திரும்பிய செவிலி, தலைவியின் இல்லறச் சிறப்பை நற்றாய்க்குக் கூறுகிறாள். தலைவி தன் கையாலேயே தயிரைப் பிசைகிறாள். பிசைந்த விரலை ஆடையில் துடைத்துக்கொண்டு, அவ்வாடையை மாற்றவும் பொழுதின்றி நிற்கிறாள். தாளிப்பின் புகை கண்ணில் படிகிறது. தானே முயன்று சமைத்த புளிப்பும் இனிப்புமான குழம்பைக் கணவன் இனிதென்று உண்ண, அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. வகுப்பறையில் இப்பாட்டின் இறுதிப் பகுதியே பெரிதும் விளக்கப்பெறுகிறது. கணவனின் பாராட்டும் மனைவியின் மலர்ச்சியும் தேர்வு வினாவாகின்றன. ஆனால் புலவர் அம்மலர்ச்சிக்கு வருமுன் எங்கெங்கே நிற்கிறார் என்று பார்த்தல் வேண்டும். விரலைக் கண்டார், அழுக்கான ஆடையைக் கண்டார், புகை படிந்த கண்ணைக் கண்டார். உழைப்பைப் பெயர் சொல்லிக் காட்டிய பின்னரே மகிழ்ச்சியைச் சொன்னார். உண்டவன் கண்டது குழம்பின் சுவை ஒன்றே. செவிலியின் கண் அடுப்படி முழுவதையும் கண்டது.

அப்பாட்டிற்கு எல்லையும் உண்டு. அது புதுமணத் தலைவி சமைத்த ஒரு வேளை உணவைப் பற்றியது. நாற்பது ஆண்டுகள் இல்லறம் நடத்தும் ஒருத்திக்கு ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும் 2,080 வருகின்றன. இரண்டாயிரத்து எண்பதாவது ஞாயிற்றுக்கிழமை ‘இனிது’ என்று சொல்ல எவருக்கும் நினைவு இராது. உப்புக் குறைந்தால் மட்டும் ஓசை எழும். ஹன்னா ஆரன்ட் என்னும் மெய்யியலறிஞர் மனித நிலையைப் பற்றி 1958-இல் வெளியிட்ட நூலில், உயிர் வாழ்வதற்கான உழைப்பையும் பொருள் படைக்கும் வேலையையும் பிரித்துக் காட்டினார். தச்சன் செய்த நாற்காலி அவனுக்குப் பின்னும் நிற்கும்; சமையலோ ஆக்கி முடித்த சில மணி நேரத்தில் சுவடின்றி மறைந்து, மறுநாள் முதலிலிருந்து தொடங்கும். சுவடு விடாத உழைப்பை மறப்பது எளிது.

அன்பினால் செய்யப்பெறுவதா என்று கேட்பதால் தெளிவு பிறக்காது. ஏறத்தாழ எல்லாத் தாய்மாரும் ஆம் என்றே விடை கூறுவர். வேறொரு வினாவைத் தமிழர் வரலாறே எடுத்துக் கொடுக்கிறது. பண்டை நாளில் பொருள் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குச் செல்வதற்குக் கொடை என்றும் திறை என்றும் இரு வழிகள் இருந்தன. வள்ளல் பாணனுக்குக் கொடுத்தது கொடை. தோற்ற சிற்றரசன் பேரரசனுக்குக் கட்டியது திறை. திறை செலுத்தியவனும் இன்முகம் காட்டியிருக்கக் கூடும். அவையில் அவன் முகத்தை மட்டும் பார்த்தவனுக்கு அது கொடையாகவே தோன்றியிருக்கும். கொடாவிட்டால் என்ன நிகழும் என்று கேட்டால்தான் இரண்டும் வேறென்பது விளங்கும். மறுக்க உரிமையுள்ளவன் கொடுப்பதே கொடையாகும்.

ஞாயிற்றுக்கிழமைச் சோற்றையும் இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்க்கலாம். ‘இன்று சமைக்க விருப்பமில்லை’ என்று ஒரு தாய் சொன்னால் வீட்டில் என்ன நிகழும்? போர் மூளாது. ‘உடம்புக்கு என்ன?’ என்பதே முதல் கேள்வியாக வரும். காய்ச்சல் என்றால் எல்லாரும் இரங்குவர். ஒருவர் கஞ்சி வைப்பார். மற்றொருவர் மாத்திரை வாங்கி வருவார். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, மனம் இல்லை என்றாலோ, ஒருவர் முகம் சுருங்கும். முதியவர் பெருமூச்சு விடுவார். ‘அப்படியானால் கடையில் தின்றுகொள்கிறோம்’ என்னும் சொல் சற்றே கூர்மையாக வந்து விழும். நோய் ஒன்றே ஏற்கத்தக்க காரணமாக இருக்கும் வீட்டில், ஓய்வு வேண்டும் பெண் தலைவலியைத் துணைக்கு அழைத்துக்கொள்கிறாள். அவ்வீட்டில் சமைக்கப்பெறும் இறைச்சிக் குழம்பு எத்துணைச் சுவையாக இருந்தாலும், அதில் திறையின் சாயல் கலந்தே இருக்கிறது.

ஐசுலாந்தில் 1975 அக்டோபர் 24-ஆம் நாள், வெள்ளிக்கிழமை, பெண்கள் இவ்வினாவை ஒரு நாடு முழுவதற்கும் எழுப்பினர். ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பெண்கள் அன்று அலுவலக வேலையோடு சமையலையும் பிள்ளை வளர்ப்பையும் ஒருசேர நிறுத்தினர். தந்தையர் பிள்ளைகளை அலுவலகத்திற்கு அழைத்துச் சென்றனர். எளிதில் சமைக்கலாம் என்பதால் கடைகளில் கொத்திறைச்சிக் குழல்கள் விற்றுத் தீர்ந்தன. மறு ஆண்டே அந்நாட்டில் ஆண்–பெண் சமத்துவச் சட்டம் ஒன்று நிறைவேறியது. ஒரு நாள் கொடாதிருந்ததன் வழியே, அதுவரை கொடுத்துவந்தது எவ்வளவு என்பதை அப்பெண்கள் காட்டினர். வீட்டுவேலைக்குக் கூலி வேண்டும் என்னும் இயக்கம் ஒன்று 1972-இல் இத்தாலியில் தொடங்கிப் பரவியதும் உண்டு. அதன் நியாயம் பெரிது. ஆயினும் கூலி கொடுத்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைச் சிக்கல் தீர்ந்துவிடும் என்று சொல்வதற்கில்லை. கூலிக்குச் சமைத்த சோற்றை உண்ணவா மகள் ஐம்பது கல் தொலைவிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறாள்?

‘பேசாமல் உணவகத்திற்குப் போய்விடலாமே’ என்பது இக்காலத்தார் தீர்வு. சிங்கப்பூரின் உணவங்காடிகளும் மலேசியாவின் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளும் ஞாயிறு நண்பகலில் நிரம்பி வழிகின்றன. ஓய்வு கிடைக்கிறது, ஐயமில்லை. ஆனால் அங்கும் ஒருவர் அடுப்பின் முன் நிற்கிறார். அவருக்கு ஞாயிறு இல்லை. வீட்டிலேயே பணிப்பெண் வைத்துக்கொள்வோரின் நிலை இன்னும் சிக்கலானது. எல்லார்க்கும் ஓய்வு நாள் வகுத்த 1955-ஆம் ஆண்டுச் சட்டமே, வீட்டுப் பணியாளரை நெடுங்காலம் அவ்வுரிமைக்கு வெளியே நிறுத்தியிருந்தது. சிங்கப்பூரில் வெளிநாட்டுப் பணிப்பெண்களுக்கு வார ஓய்வு நாள் 2013 சனவரி முதல்தான் கட்டாயமாயிற்று. அதையும் ஊதியம் கொடுத்து ஈடுசெய்துவிட வழி இருந்தது. மாதத்தில் ஒரு நாளையாவது அவ்வாறு ஈடுசெய்யக் கூடாது என்ற விதி 2023 சனவரியில்தான் வந்தது. ஒரு பெண்ணின் ஓய்வை மற்றொரு பெண்ணின் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, வீட்டில் அறம் நிலைநாட்டப்பட்டதாகக் கூறுதல் பொருந்தாது.

இனி, மறுபுறமும் ஒன்றுண்டு. தோட்டத்தில் நாற்பது ஆண்டுகள் உழைத்த மூதாட்டி ஒருத்தி நகரத்து அடுக்குமாடி வீட்டில் மகனோடு வந்து தங்குகிறாள் என்று கொள்வோம். மருமகள் நல்லவள். ‘அத்தை, நீங்கள் உழைத்தது போதும்; உட்காருங்கள்’ என்று அடுப்படியிலிருந்து அன்போடு விலக்கி, நாற்காலியில் அமர்த்துகிறாள். மூதாட்டி அமர்கிறாள். ஒரு மாதத்தில் அவள் பேச்சுக் குறைகிறது. குழம்பில் குறை கண்டுபிடிக்கத் தொடங்குகிறாள். மருமகளுக்கு வருத்தம்: ஓய்வு கொடுத்தும் நன்றியில்லையே! ஆனால் அம்மூதாட்டியிடமிருந்து எடுக்கப்பட்டது எது? மகனுக்கு எது பிடிக்கும் என்பதை அவ்வீட்டில் மிகுதியாக அறிந்தவள் அவள். பேரனின் நாவில் தன் ஊர்ச் சுவையை எழுதிவைக்க அவளுக்கிருந்த ஒரே ஏடு அந்த அடுப்படி. பள்ளிக்கூடம் மறுக்கப்பட்ட தலைமுறைப் பெண்ணுக்குக் கலையும் அதிகாரமும் மதிப்பும் அந்த எட்டடிச் சதுரத்தில்தான் கிடைத்தன. ஒருவரைச் சமைத்தே தீர வேண்டும் என்று நிறுத்துவதும், சமைக்கவே கூடாது என்று உட்கார்த்துவதும் இந்த ஓரிடத்தில் ஒத்துப்போகின்றன: இரண்டிலும் அவரை எவரும் கேட்கவில்லை.

ஆகவே கரண்டி எவர் கையில் இருக்கிறது என்பதைக் காட்டிலும், முடிவு எவர் கையில் இருக்கிறது என்பதே முதன்மையான செய்தி. பொறுப்பில்லாத உதவி முடிவைப் பகிர்ந்துகொள்வதாகாது. ஆண்டுக்கு மூன்று முறை கணவன் சமைக்கும் வீடுகள் பல உண்டு. அன்று வீடு விழாக்கோலம் பூணும். ‘கடுகு எங்கே? சோம்பு எது, சீரகம் எது?’ என்ற வினாக்கள் அடுப்படியிலிருந்து வந்துகொண்டே இருக்கும். மனைவி கூடத்தில் அமர்ந்தபடியே விடை கூறிக்கொண்டிருப்பாள். கணக்கேடு இன்னும் அவள் தலைக்குள்ளேதான். குழம்பு பாராட்டப்பெறும், படமும் எடுக்கப்பெறும். மாலை நான்கு மணிக்கு, அடிப்பிடித்த சட்டியைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருப்பவர் எவர் என்று எந்தப் படத்திலும் இராது.

முடிவைப் பகிர்தல் இயலாத செயலன்று. சில வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள் வெள்ளிக்கிழமை இரவே தாயிடம், ‘ஞாயிறு சமைக்கிறீர்களா, வேண்டாமா?’ என்று கேட்கின்றனர். வேண்டாம் என்ற விடைக்குக் காரணம் கேட்பதில்லை. சமைப்பதாக இருந்தால், மல்லித் தூளின் அளவைத் தாமே திறந்து பார்த்து, சந்தைக்குத் தாமே செல்கின்றனர். தொடக்கத்தில் தவறான இறைச்சித் துண்டு வரும், கறிவேப்பிலை மறந்துபோகும். தாய் சிரிப்பார்; சில வேளை சினப்பார். ஆறு மாதத்தில் ஏட்டின் ஒரு பாதி வேறொருவர் தலைக்கு மாறிவிடுகிறது. இத்தகைய வீட்டுத் தாய்மாரில் பலர் பெரும்பாலான ஞாயிறுகளில் சமைக்கவே செய்கின்றனர் என்பது கருதத்தக்கது. வேண்டாம் என்னும் சொல் செல்லுபடியாகிறது என்று அறிந்தபின், அவர்கள் வைக்கும் குழம்புக்கு வேறொரு பெயர் வந்துவிடுகிறது.

ஆடி மாதத்தில் அடுப்பே வேண்டாத ஒரு வேளையும் வருவதுண்டு. பிற்பகலில் மகன் சாலையோரக் கடையிலிருந்து நான்கைந்து டுரியான் பழங்களோடு வருவான். கூடத்துத் தரையில் பழைய நாளிதழ்கள் விரிக்கப்பெறும். மாமன் கத்தியால் முள்தோலைப் பிளப்பார். கை குத்திக்கொண்டு கத்துவதும் அவரே. முதற்சுளை தாயின் கைக்கு வரும். பரிமாற எவரும் எழ வேண்டியதில்லை. எல்லாரும் ஒரே தரையில், ஒரே வட்டத்தில் அமர்ந்திருப்பர். உண்டு முடிந்ததும் தோலையும் கொட்டையையும் நாளிதழோடு சுருட்டிக் கட்டி, மகன் அதைக் கீழே குப்பைத் தொட்டிக்கு எடுத்துச் செல்வான். தாய் இன்னும் தரையிலேயே, சுவரில் சாய்ந்து, பேத்தி சொல்லும் பள்ளிக்கூடத்துக் கதையைக் கேட்டுக்கொண்டிருப்பார்.